குட்டிப் பன்றியின் வயிற்றுவலி!

'பன்றி' என்று பார்த்ததுமே பக்கத்தைப் புரட்டாதீர்கள், ஸார். விஷயம் கடைசியில் நம் மருந்துக்கடை வரைக்கும் வருகிறது.

டென்மார்க்கில் மனிதர்களைவிடப் பன்றிகள் ஜாஸ்தி. ஆனால் பண்ணையில் பிறக்கிற குட்டிக்கு ஆரம்பமே தகராறு. பிறக்கும்போது உடம்பில் இரும்புச்சத்து கையிருப்பு சுமார் 50 மில்லிகிராம். தினசரிச் செலவு 7. தாய்ப்பாலில் வரவு 1. நம் மாசக் கடைசி பட்ஜெட் மாதிரியே இல்லை? அதனால் பிறந்த சில நாளிலேயே 200 மி.கி. இரும்பை ஊசியில் ஏற்றிவிடுகிறார்கள்.

அடுத்த கண்டம் நாலாவது வாரம். இயற்கையாக விட்டால் மூணு மாசம் வரை அம்மாவை விடாது. பண்ணையில் நாலு வாரத்திலேயே பிரித்து வேறு ஷெட்டுக்கு மாற்றம். புது சகவாசம். பாலுக்குப் பதில் சோயா, கோதுமை. முதல் நாள் ஹாஸ்டலுக்குப் போன பையன் கதைதான்... சரியாகச் சாப்பிடாது. குடலின் உள்ளே விரல் விரலாக நீட்டிக்கொண்டு சத்தை இழுக்கும் உறிஞ்சிகள் சுருங்கிப்போகும். இரைப்பையில் அமிலமும் பத்தாது. செரிக்காத புரதம் கீழே இறங்க, ஈ.கோலை கிருமிக்குக் கல்யாண விருந்து. குட்டிக்கு பேதி!

80களின் கடைசியில் இதற்கு டென்மார்க்கில் ஒரு வைத்தியம் பிடித்தார்கள். துத்தநாக ஆக்ஸைடு. கேலமைன் லோஷனில் இருக்கிறதே, அதே வெள்ளைப் பொடி. கிலோ தீவனத்தில் 100 மி.கி. துத்தநாகம் இருந்தாலே குட்டிக்குப் போதும். இவர்கள் கொடுத்தது 2,500! இரண்டே வாரம். பேதி கட்டுப்பட்டது, எடை ஏறிற்று, விலையோ மலிவு.

"அதிலென்ன ஸார் தப்பு? குழந்தைக்கு பேதின்னா நம்ம ஊர்லயும் துத்தநாக மாத்திரை தர்றாங்களே" என்றார் பக்கத்து மேஜை நண்பர். வாஸ்தவம். உப்பு-சர்க்கரைக் கரைசலோடு 14 நாள் தருகிறார்கள். ஆனால் அது தினம் 20 மி.கி.தான்.

பன்றி தின்றதில் பெரும்பகுதி கழிவோடு வெளியே வந்து, எருவாக வயலுக்குப் போகிறது. துத்தநாகம் உலோகம்; மக்காது. மண்ணிலேயே தங்கும். என் வயிற்றைக் கலக்கியது அடுத்த சமாசாரம். சில கிருமிகளிடம் துத்தநாகத்தைத் தாங்கும் ஜீனும், ஆன்ட்டிபயாடிக்கை ஏய்க்கும் ஜீனும் ஒரே பொட்டலமாக இருக்கின்றன. பொடியைக் கொட்டக் கொட்ட, மருந்துக்கு மசியாத கிருமிதான் மிஞ்சும். அப்படிப்பட்ட ஸ்டஃபிலோகாக்கஸ் ஒன்று பன்றிக் கொட்டிலிலிருந்து டென்மார்க் மனிதர்களையும் தொற்றியிருக்கிறது.

2017-ல் ஐரோப்பிய யூனியன் முடிவெடுத்து, 2022 ஜூனில் வைத்தியத்துக்குத் தடை போட்டது. தீவனத்தில் இனி கிலோவுக்கு 150 மி.கி.தான் உச்சவரம்பு.

உடனே என்ன ஆயிற்று தெரியுமோ? டென்மார்க் பன்றிகளுக்கு நியோமைசின் என்ற ஆன்ட்டிபயாடிக் உபயோகம் எகிறியது. எதற்குப் பயந்தார்களோ, அதுவே! புரதத்தைக் குறைத்துப் பார்க்கிறார்கள், தீவனத்தில் அமிலம் கலக்கிறார்கள், தடுப்பு மருந்து தருகிறார்கள்.

என் கட்சி, குட்டியை இன்னும் கொஞ்ச நாள் அம்மாவிடமே விடு என்பது. அங்கேயே இயற்கை விவசாயப் பண்ணைகளில் ஏழு வாரம் விடுகிறார்கள். மற்றவர்கள் சம்மதிப்பதில்லை. பால் கொடுக்கிற வரை தாய்ப்பன்றி சினைக்கு வராது. பிரித்தால் அஞ்சாறு நாளில் தயார்!