‘உண்மையான அம்மா விசுவாசி யார்?’ - தேனியில் 40 வருஷமாகத் தீராத பஞ்சாயத்து!

சேவல், இரட்டைப் புறா, இரட்டை மின்விளக்குக் கம்பம், தொப்பி, பிரஷர் குக்கர், பரிசுப் பெட்டி, பலாப்பழம்... இது ஏதோ கண்காட்சிக் கடையின் பட்டியல் இல்லை. ‘நாங்கள்தான் உண்மையான அ.தி.மு.க.’, ‘அம்மாவின் உண்மையான வாரிசு நாங்கள்தான்’ என்று சொல்லிக்கொண்டு வெவ்வேறு காலத்தில் ஓட்டுக் கேட்டவர்களின் சின்னங்கள். இந்தச் சண்டையின் முக்கியக் கட்டங்களில் பல நடந்தது ஒரே மாவட்டத்தில்தான். அது தேனி!

ஆண்டிபட்டி, பெரியகுளம், போடி, கம்பம் என நான்கே சட்டமன்றத் தொகுதிகள். ஆனால், இந்தக் கட்சியின் சரித்திரத்தில் தேனிக்கு இருக்கும் இடம் பெரிது. 1984-ல் அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்த எம்.ஜி.ஆர்., தொகுதிப் பக்கமே வராமல் ஜெயித்த ஊர் ஆண்டிபட்டி. 2002 இடைத்தேர்தலிலும் 2006 பொதுத்தேர்தலிலும் ஜெயலலிதாவை சட்டமன்றத்துக்கு அனுப்பியதும் அதே ஆண்டிபட்டிதான்.

முதல் ரவுண்டு: சேவலா, புறாவா?

1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைந்தார். கட்சி இரண்டாக உடைந்தது. மனைவி வாரிசா, கொள்கை பரப்புச் செயலாளராக எம்.ஜி.ஆரே கொண்டுவந்தவர் வாரிசா என்ற கேள்வி வீதிக்கு வந்தது. இரட்டை இலை முடக்கப்பட, 1989 ஜனவரி தேர்தலில் ஜெயலலிதா சேவல் சின்னத்தில் போடியில் நின்றார். ஜானகி அம்மையார் இரட்டைப் புறா சின்னத்தில் பக்கத்துத் தொகுதியான ஆண்டிபட்டியில் நின்றார்.

போடியில் ஜெயலலிதா ஜெயித்தார். எம்.ஜி.ஆர். ஜெயித்த ஆண்டிபட்டியில் அவருடைய மனைவி தோற்றார். ஆனால், அங்கே ஜெயித்தது தி.மு.க. மாநிலம் முழுக்க ஜெயலலிதா அணிக்கு 27 இடங்கள், ஜானகி அணிக்கு 2 இடங்கள். தி.மு.க-வுக்கு 150! அடுத்த சில வாரங்களில் ஜானகி ஒதுங்கிக்கொள்ள, அணிகள் இணைந்தன, இலையும் திரும்பி வந்தது.

அந்தத் தேர்தலின் ஒரு துண்டு மட்டும் பிற்காலச் சண்டைக்கு ஆயுதமாக மிஞ்சியது. போடியில் ஜெயலலிதாவை எதிர்த்து ஜானகி அணியில் நின்றவர் நடிகை வெண்ணிற ஆடை நிர்மலா. ‘அவருக்காக வேலை பார்த்தவர்தானே நீங்கள்?’ என்று ஓ.பன்னீர்செல்வத்தை எதிர் அணியினர் பல ஆண்டுகள் கழித்துக் குத்திக்காட்டினார்கள். விசுவாசத்துக்குக் காலாவதித் தேதியே கிடையாது போல!

ஆளுக்கொரு அளவுகோல்

2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா மறைந்த பிறகு, பழைய கேள்வி புது வேகத்தில் திரும்பியது. இந்த முறை களத்தில் நின்ற மூவருக்குமே தேனி அரசியலோடு நெருங்கிய தொடர்பு உண்டு.

பெரியகுளத்தில் டீக்கடை நடத்தி, நகராட்சித் தலைவராகி, 2001-லும் 2014-லும் ஜெயலலிதா பதவி விலக நேர்ந்தபோது முதல்வர் நாற்காலியில் அமர்ந்தவர் பன்னீர்செல்வம். ‘அம்மா நம்பி நாற்காலியைக் கொடுத்தார்’ என்பது அவருடைய சான்று. 2017 பிப்ரவரி 7 இரவு மெரினா நினைவிடத்தில் தியானத்தில் உட்கார்ந்து, ‘தர்மயுத்தம்’ தொடங்கினார்.

1999-ல் பெரியகுளம் எம்.பி. ஆனவர் டி.டி.வி.தினகரன். ‘அம்மாவே இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்’ என்பது அவர் தரப்பு. ‘2011-ல் கட்சியை விட்டு நீக்கியதும் அதே அம்மாதானே?’ என்பது எதிர்த்தரப்பு.

மூன்றாமவர் தங்க தமிழ்ச்செல்வன். 2001-ல் ஆண்டிபட்டியில் ஜெயித்து, ஜெயலலிதா போட்டியிடுவதற்காக அந்தப் பதவியையே ராஜினாமா செய்தவர். விசுவாசத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? ஆனால், 2017-ல் தினகரன் பக்கம் நின்று தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ-க்களில் அவரும் ஒருவர். 2019 ஜூனில் தி.மு.க-வில் சேர்ந்தார்.

தேனிக்கு வெளியே இருந்து வந்தது நான்காவது அளவுகோல். ‘பொதுக்குழு யார் பக்கமோ, அவர்தான் கட்சி’ என்றது எடப்பாடி பழனிசாமி தரப்பு. 2022 ஜூலை 11 பொதுக்குழு பன்னீர்செல்வத்தை நீக்கியது. அந்தப் பொதுக்குழு செல்லும் என்று 2023 பிப்ரவரி 23-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கட்சி யாருடையது என்பதற்குத்தான் நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல முடியும். விசுவாசி யார் என்பதற்கு அல்ல. அதற்குச் சான்றிதழ் தரக்கூடிய ஒரே ஒருவர் மெரினாவில் உறங்குகிறார். எந்தத் தரப்பாலும் நிரூபிக்கவும் முடியாது, எதிர்த்தரப்பால் மறுக்கவும் முடியாது. சண்டை நீள்வதன் சூட்சுமம் இதுதான்.

அமெரிக்காவிலும் இதே கூத்து

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்க வலதுசாரிகளிடம் ‘உண்மையான பழைமைவாதி யார்?’ என்ற சண்டை 60 வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. 1962-ல் ‘நேஷனல் ரிவ்யூ’ இதழின் ஆசிரியர் வில்லியம் பக்லி, ஜான் பர்ச் சொசைட்டியின் நிறுவனர் ராபர்ட் வெல்ச்சை ‘நம் ஆள் இல்லை’ என்று தள்ளிவைத்தார். 2016 ஜனவரியில் அதே இதழ், டிரம்ப் உண்மையான பழைமைவாதி அல்ல என்று தனி இதழே போட்டது. அந்த வருஷக் கடைசியில் டிரம்ப் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். இப்போது அவருடைய ஆதரவாளர்கள், எதிர்ப்பவர்களை ‘பெயரளவுக் குடியரசுக் கட்சிக்காரர்’ என்கிறார்கள். அங்கே இரண்டு தரப்பும் ரீகன் பெயரைச் சொல்லும். இங்கே எல்லாத் தரப்பும் அம்மா பெயரைச் சொல்லும்.

வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே வரி, வர்த்தகம், போர் என்று கொள்கையும் சண்டையில் வரும். இங்கே பேச்சு பெரும்பாலும் ஆளைச் சுற்றியே நிற்கிறது.

வீட்டுக்குள்ளும் விரிசல்

2019 ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் தி.மு.க. வேட்பாளர் மகாராஜனும், அ.தி.மு.க. வேட்பாளர் லோகிராஜனும் உடன்பிறந்த சகோதரர்கள். மகாராஜன் ஜெயித்தார். அவருடைய வெற்றி வித்தியாசத்தைவிட அ.ம.மு.க. வாங்கிய ஓட்டுகள் அதிகம். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் ஜெயித்த தொகுதி, ஓட்டுப் பிரிந்த தேர்தலில் கைமாறியது. 2021-லும் அதே சகோதரர்கள் மோத, மகாராஜனே மீண்டும் ஜெயித்தார். மாவட்டத்தின் நான்கில் மூன்று தி.மு.க. வசமாக, போடி மட்டும் பன்னீர்செல்வத்திடம் நின்றது. அங்கே அவரிடம் தோற்றவர், தி.மு.க. வேட்பாளராக வந்த தங்க தமிழ்ச்செல்வன்.

ஆனால், எல்லாப் பழியையும் பிளவின் மேல் போட்டுவிடவும் முடியாது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் அ.ம.மு.க. 1.44 லட்சம் ஓட்டுகளைப் பிரித்தும், பன்னீர்செல்வத்தின் மகன் ரவீந்திரநாத் 76 ஆயிரம் ஓட்டுகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். தமிழ்நாட்டில் அன்று அ.தி.மு.க. ஜெயித்த ஒரே தொகுதி அதுதான்! 2024-ல் கதை தலைகீழ். தங்க தமிழ்ச்செல்வன் தி.மு.க. சார்பில் சுமார் 2.79 லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். தினகரன் இரண்டாமிடம், அ.தி.மு.க. மூன்றாமிடம். இருவரின் ஓட்டையும் கூட்டினாலும் தங்க தமிழ்ச்செல்வனை எட்டாது. ஒன்று சேர்ந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்ற ஆறுதல்கூட அதில் இல்லை.

2017-ல் எதிரெதிரே நின்ற பன்னீர்செல்வமும் தினகரனும் 2024-ல் ஒரே கூட்டணி. ஒருவருக்கு ராமநாதபுரத்தில் பலாப்பழம், ஒருவருக்குத் தேனியில் குக்கர். யார் யாரைத் துரோகி என்றார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள தொண்டனுக்குத் தனி நோட்டுப் புத்தகம் வேண்டும்!

தலைவர்கள் மேடையில் சேர்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்காக டீக்கடை பெஞ்சில் முறைத்துக்கொண்ட பங்காளிகளும், கல்யாண வீட்டுக்குப் போகாமல் விட்ட மாமன் மச்சான்களும் அவ்வளவு சுலபமாகச் சேர்ந்துவிட முடிவதில்லை. முல்லைப் பெரியாறு தண்ணீருக்கென்றால் கம்பம் பள்ளத்தாக்கு கட்சி பார்க்காமல் ஒன்றாக நின்றதும் உண்டு. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ‘நீங்கள் உண்மையான விசுவாசியா?’ என்று கேட்பதற்கு முன், ‘எங்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு உயிரோடு இருப்பவர்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும்.