உங்களுக்குத் தெரியுமா? ஒரு பைப்புக்குள் எத்தனை வயர்!

ஸ்ரீரங்கம் உத்திர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகள் அகலத்தில் ஒடுக்கம், நீளத்தில் ரயில் பெட்டி. திண்ணை, ரேழி, கூடம் தாண்டிக் கொல்லைவரை வயர் ஓடவேண்டும். புதிதாக ஏசி வாங்கியதும், “பைப்லதான் இடம் இருக்கே” என்று இன்னொரு ஜோடியைத் திணிப்பார்கள்.

இடம் இருப்பது வேறு, நிரப்பலாம் என்பது வேறு. மூன்று வயரோ அதற்கு மேலோ போனாலும் பைப்பின் உள்பரப்பில் 40 சதவீதம்தான் நிரம்பலாம் என்கிறது அமெரிக்க விதி. இரண்டே வயர் என்றால் 31 சதவீதம்தான்! 16 மி.மீ. உள்விட்டப் பைப்பில், காப்புறையோடு 3.5 மி.மீ. தடிமனுள்ள வயர் கணக்குப்படி எட்டு போகலாம்.

ஆனால் அது காகிதக் கணக்கு. இந்திய அட்டவணைகள் வளைவையும் பார்க்கின்றன: பைப் 15 டிகிரிக்கு மேல் திரும்பினால் எண்ணிக்கை குறையும். நேர் ஓட்டத்துக்கான எண்ணிக்கைகூட, வயரை இழுத்துவிட வைக்கும் இழுப்புப் பெட்டிகளுக்கு இடையே 4.25 மீட்டர் தாண்டாத பைப்புக்குத்தான். கூடத்தைக் கடக்கவே அது போதாது. நடுவில் பெட்டி வைத்தே ஆகவேண்டும். சுவரில் மூடி தெரிகிறதே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு.

அப்புறம் சூடு. நான்கு சர்க்யூட் ஒரே பைப்பில் முழுச் சுமையோடு ஓடினால், ஒவ்வொன்றும் தாங்கும் கரண்ட் சுமார் 65 சதவீதமாக இறங்கிவிடும். சாதாரண பிவிசி காப்புறை தாங்குவது 70 டிகிரி. அதில் 40ஐத் திருச்சி வெயிலே எடுத்துக்கொள்கிறது.