மாதம் கொடுப்பது வாடகை, எடுப்பது குத்தகை

எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சிங்கப்பூரில் செவிலியர் வேலை கிடைத்திருக்கிறது. அவளுடைய அம்மா நேற்று மாலை வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தார். தேநீரைக் கையில் வாங்கியதும் கேட்டார்: “ரூம் ஒண்ணு பாத்து வெச்சிருக்காளாம்ணே. பிடிக்கலைன்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லிட்டு வேற எடம் மாறிக்கலாம், இல்ல?”

உத்திரமேரூரிலிருந்து வெளிநாடு போகிற எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனேன், மூன்று வருடம் அங்கே அறை எடுத்துத் தங்கினேன். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அவசரமில்லை, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வோம். சிங்கப்பூரில் பெரும்பாலானவர்கள் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டியவை அவை. அங்குள்ள தமிழர்கள் சுருக்கமாக ‘வீவக வீடு’ என்பார்கள். விளம்பரத்தில் ‘மூவறை வீடு’ என்று பார்த்தால் படுக்கையறை மூன்று என்று எண்ணிவிடக்கூடாது. நம் ஊரில் கூடத்தைத் தனியே ஹால் என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைகளை மட்டும் எண்ணுகிறோம். அவர்கள் கூடத்தையும் ஓர் அறையாகச் சேர்த்து எண்ணுகிறார்கள். ஆகவே மூவறை என்றால் படுக்கையறை இரண்டு, நாலறை என்றால் மூன்று. கையில் அதிகப் பணமில்லாத தனி ஆள் முழு வீட்டையும் எடுப்பதில்லை. ஒரு குடும்பம் வசிக்கும் வீட்டில் ஓர் அறையைத்தான் எடுப்பார்.

அந்த அறையையும் நினைத்தபடி ஒரு மாதம், இரண்டு மாதம் என்று எடுக்க முடியாது. வீவக வீட்டில் வாடகைக் காலம் குறைந்தது 6 மாதம். வெளிநாட்டவர் என்றால் வேலை அனுமதியோ மாணவர் அனுமதியோ இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வீட்டுக்காரர் முன்கூட்டியே கழகத்திடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். சுற்றுலாவுக்குப் போனவர் அங்கே வாடகைக்கு இருக்கவே முடியாது. தனியார் அடுக்குமாடி என்றாலும் குறைந்தது 3 மாதம். “நான் ஒரு மாசம் போய் அவகூட இருக்கலாம்னு நெனச்சேனே” என்றார் அம்மா. ஒரு மாதத்துக்குத் தனியாக இடம் தேடுகிறவர் விடுதிக்கோ, 7 நாள் முதல் தங்க விடுகிற சர்வீஸ் அபார்ட்மெண்டுக்கோதான் போக வேண்டும். இது எனக்கு நியாயமாகவே படுகிறது. குடும்பங்கள் நிலையாக வாழ்வதற்குக் கட்டிய வீடுகள் அவை. வாரம் ஒரு புதிய முகம் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டாருக்கு நிம்மதி இருக்காது.

இப்போது அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். நம் ஊரில் வாடகை என்பது மாதக் கணக்கு. ஒரு வருடத்தைத் தாண்டினால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால் 11 மாத ஒப்பந்தம் எழுதுகிற வழக்கம் வந்தது. அந்தக் காகிதமும் பல வீடுகளில் பீரோவைவிட்டு வெளியே வருவதில்லை. காலி செய்கிறவர் ஒரு மாதம் முன்னால் சொல்வார், கடைசி இரண்டு மாத வாடகையை “அட்வான்ஸ்ல கழிச்சிக்கோங்க” என்பார், கதை முடிந்தது.

சிங்கப்பூரில் அது நடக்காது. காரணம் புரிய நம் ஊர் ஏரிக்குப் போனாலே போதும். ஏரி மீன் குத்தகையை ஒருவர் ஓராண்டுக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணத்தைத் தவணையில் கட்டச் சம்மதம் தந்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் தண்ணீர் வற்றி மீன் குறைகிறது. “இனிமேல் எனக்கு வேண்டாம், மீதித் தவணை கட்டமாட்டேன்” என்று அவர் சொல்ல முடியுமா? முடியாது. அவர் எடுத்தது ஐந்து மாதத்து மீனை அல்ல, ஓராண்டை. தவணை என்பது கொடுக்க வசதியாகப் பிரித்துக்கொண்ட முறை, அவ்வளவுதான்.

அங்கே வீட்டு வாடகையும் அப்படித்தான். மாதம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் அப்படித்தான் சொல்வார்கள்) என்று ஓராண்டுக்கு ஒப்பந்தம் போட்டால், அந்தப் பெண் கையெழுத்திட்ட நிமிடத்தில் 12,000 வெள்ளிக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். மாதந்தோறும் கட்டுவது அந்தக் கடமையின் ஒரு துண்டு. ஏழாம் மாதம் பெட்டியைக் கட்டினாலும் மீதி ஐந்து துண்டுகளை வீட்டுக்காரர் கேட்கலாம். பெயர் மாத வாடகையாக இருந்தாலும், அவள் வாங்கியிருப்பது காலத்தைத்தான். அந்த வீட்டுக்காரரும்கூடக் காலத்தைத்தான் வாங்கியிருக்கிறார். வீவக வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில் விற்கப்படுகிறவை. நூறாண்டுக்கு ஒன்று குறைவாகக் குத்தகை எடுத்தவரிடமிருந்து நாம் ஓராண்டை வெட்டி எடுத்துக்கொள்கிறோம்.

எனக்கு இது நேர்ந்தது. ஜூரோங் பக்கம் அறை எடுத்திருந்தேன். ஏழாம் மாதம் வேலை தீவின் மறுகோடிக்கு, சாங்கிப் பக்கம் மாறிவிட்டது. கிளம்புகிறேன் என்று சொன்னதும் வீட்டுக்கார அம்மையார் கோபப்படவில்லை. ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். பிறகு அவரே வழியும் சொன்னார்: எனக்குப் பதிலாக ஓர் ஆளைக் கூட்டிவந்தால், அவரோடு புதிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டு என்னை விட்டுவிடுவதாக. ஆள் கிடைக்க ஒன்றரை மாதமானது. அதுவரை இரு கோடிகளுக்கும் நடுவே ரயிலில் போய்வந்தேன்.

அப்படியானால் நடுவில் கதவே கிடையாதா? உண்டு, நாம் முன்பே கேட்டு வைத்திருந்தால். ‘டிப்ளமாட்டிக் கிளாஸ்’ என்று அங்கே ஒரு விதியைச் சொல்வார்கள். திடீரென்று மாற்றலாகிப் போகிற தூதரக அதிகாரிகளை மனத்தில் வைத்து வந்த பெயர். வேலை போய்விட்டாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ அபராதமின்றி வெளியேறலாம் என்பது அதன் சாரம். வழக்கமாக 12 மாதம் முடிந்தபின், 2 மாத அறிவிப்போடுதான் அதைப் பயன்படுத்த முடியும். ஆகவே இரண்டாண்டு ஒப்பந்தத்தில்தான் அதைப் பெரும்பாலும் காண்போம். ஓராண்டு ஒப்பந்தத்தில் ஏதாவது வேண்டுமென்றால் கையெழுத்துக்கு முன் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். “பிடிக்கலை” என்பது இந்த விதிக்குள் வராது என்பதையும் அம்மாவிடம் சொன்னேன்.

முன்பணமும் இங்கிருப்பதுபோல் அல்ல. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்ட காலம் உண்டு. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. சிங்கப்பூரில் ஓராண்டுக்கு ஒரு மாத வாடகை, இரண்டாண்டுக்கு இரண்டு மாதம் என்பது வழக்கம். தொகை சிறியது என்று மகிழலாம். ஆனால் அதைக் கடைசி மாத வாடகையில் கழிக்கச் சொல்ல முடியாது. அது சுவருக்கும் கட்டிலுக்கும் ஏசி இயந்திரத்துக்குமான பிணை. சாவி வாங்குகிற நாளே ஒவ்வொரு மூலையையும் படமெடுத்து, வீட்டுக்காரருக்கும் அனுப்பி வைத்தால் பின்னால் சண்டை இல்லை.

எங்கள் திண்ணையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது வைகுண்டப் பெருமாள் கோயில். கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அதன் சுவரில்தான் உள்ளன. ஊர் வேலைகளைக் கவனித்த வாரியத்துக்குக் குடத்திலிட்ட ஓலைகளிலிருந்து ஆளெடுத்தார்கள். அந்த ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது அவற்றிலுள்ள தகுதிகளில் ஒன்று. அடுத்தவர் வீட்டில் இருந்தவருக்குக் குடத்தில் இடமில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வெளிநாட்டு அறைகள்தான் நினைவுக்கு வரும். மனை இல்லாத ஊரில் நமக்கு இருக்கிற ஒரே நிலம் கையெழுத்திட்ட காகிதம்.

ஆகவே அந்தக் காகிதம் உறுதியாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுதி 14 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். நான்காண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தமென்றால் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. 12,000 வெள்ளிக்கு 48 வெள்ளிதான். அதை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு, செய்யக்கூடாது. முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. முத்திரை இருந்தால், முன்பணம் திரும்பவில்லை என்று சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தம் என்றால் 20,000 வெள்ளி வரை அங்கேயே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

முகவர் வழியாகப் போனால் அவர் பெயர் அரசின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீவக வீட்டின் வாடகையையோ முன்பணத்தையோ முகவர் தன் கையால் வாங்கக்கூடாது என்பது அங்குள்ள விதி. என் கணக்குக்கு அனுப்புங்கள் என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். கூடத்தில் பலகை அடித்துத் தடுத்ததை அறை என்று காட்டினாலும் வேண்டாம். படுக்கையறையாகக் கட்டியதை மட்டுமே வாடகைக்கு விடலாம்.

கடைசியாகச் சமையல். விளம்பரத்தில் ‘லைட் குக்கிங்’ என்று இருக்கும். வெந்நீர் வைக்கலாம், நூடுல்ஸ் வேகவைக்கலாம், முட்டை அவிக்கலாம் என்று அர்த்தம். கடுகு தாளிப்பது அதில் சேருமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். நம் பிள்ளைகள் வாடகையைப் பேரம் பேசிவிட்டு இதைக் கேட்காமல் போய், மாதக்கணக்கில் கடைச் சாப்பாட்டில் பணத்தை விடுகிறார்கள்.

அம்மா தேநீரை முடிக்கும்முன் மகளுக்கு போன் போட்டார். அவளும் அன்றே வீட்டுக்காரருக்கு எழுதிவிட்டாள். இன்று காலை பதில் வந்திருக்கிறது: சனி, ஞாயிறு தாளிக்கலாம், சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். நடுவில் கிளம்ப நேர்ந்தால் என்ன என்பதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. அது எழுத்தில் வரும்வரை பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.