கம்பெனிக்குப் போற பிள்ளைக்கு ஒப்பந்த எண் இருக்கா?

மாதாந்திர விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டம் முடிந்து வேங்கிக்கால் கலெக்டர் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர், ஒன்றரை ஏக்கரில் மணிலா போடுகிறவர், பக்கத்தில் வந்தார்.

"சார், பயிர் சமாச்சாரம் இல்ல. வேற ஒண்ணு கேக்கலாமா?"

கேளுங்கள் என்றேன். அவருடைய மகன் ஐ.டி.ஐ.யில் டிராக்டர் மெக்கானிக் முடித்திருக்கிறான். வெளி மாவட்டத்தில் ஒரு கம்பெனிக்கு 'அப்ரண்டிஸ்' என்று சொல்லி ஒருவர் அழைத்துப்போயிருக்கிறார். 11 மாதம் வேலை. சில மாதம் கையில் பணம் கொடுத்தார்கள், கடைசி இரண்டு மாதம் அதுவும் இல்லை. நடுவில் ஒருமுறை விரல் நசுங்கியதற்கு வைத்தியச் செலவு அப்பா தலையில்தான். சர்டிபிகேட் கேட்டபோது, "உன் பேரு எங்க லிஸ்ட்லயே இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பையனும் கூடவே வந்திருந்தான். மரத்தடியில் உட்கார்ந்து அவன் செல்போனிலேயே 'அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா' இணையதளத்தைத் திறந்து பார்த்தோம். ஐ.டி.ஐ.யில் படிக்கும்போதே அவன் பெயரைப் பதிந்துவிட்டிருக்கிறார்கள். பெயர் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, போட்டோ இருக்கிறது. ஒப்பந்தம் என்ற இடம் மட்டும் காலி. அந்த 11 மாதமும் அரசாங்கக் கணக்கில் அவன் எங்கேயும் பயிற்சி பெறவில்லை.

நான் வேளாண்மை படித்தவன். தொழிலாளர் சட்டம் என் பாடம் இல்லை. ஆனால் நம் மாவட்டத்தில் இன்று ஒவ்வொரு விவசாயி வீட்டிலும் ஒரு பிள்ளை செய்யாறு சிப்காட்டுக்கோ, ஆரணி, களம்பூர் பக்கத்து ரைஸ் மில்லுக்கோ, திருபெரும்புதூருக்கோ வேலை கற்றுக்கொள்ளப் போகிறது. விதை வாங்கினால் சான்று அட்டையைப் பாருங்கள் என்று 30 வருடமாகச் சொல்லி வருகிறேன். பிள்ளையை அனுப்பும்போது எந்த அட்டையைப் பார்ப்பது என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தொழிற்பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. வேலை செய்துகொண்டே கற்கிறவருக்கும் கற்றுக்கொடுக்கிற முதலாளிக்கும் நடுவே எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், பிள்ளை மைனர் என்றால் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். 2014-ல் செய்த திருத்தத்தில் இணையதளம் சட்டத்துக்குள்ளேயே வந்தது. தளம் உருவான பிறகு, ஒப்பந்த விவரங்களை முதலாளி 7 நாளுக்குள் அதில் ஏற்ற வேண்டும், தொழிற்பழகுநர் ஆலோசகர் என்ற அதிகாரி அதைச் சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுதான் நான் சொல்லும் அட்டை. 'ட்ரெய்னி', 'லேர்னர்', 'ஜூனியர்' என்று கம்பெனி எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் சரி, தளத்தில் ஒப்பந்தம் ஏறவில்லை என்றால் அது தொழிற்பழகுநர் பயிற்சி ஆகாது.

ஏறிவிட்டால் என்ன கிடைக்கும்? முதலில் மாத உதவித்தொகை. 2019-ல் திருத்திய விதிப்படி குறைந்தபட்சத் தொகை 10-ம் வகுப்பு முடித்தவருக்கு 6,000 ரூபாய், ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இதை உயர்த்தச் சொல்லி 2025 மே மாதம் மத்திய தொழிற்பழகுநர் குழு பரிந்துரைத்திருக்கிறது. ஆகவே கையெழுத்துப் போடும் நாளில் நடப்பில் இருக்கும் தொகையைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத் தொகை அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் வந்துசேர வேண்டும். பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு முதலாளி பொறுப்பு. ஆலோசகர் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. ஐ.டி.ஐ. தொழிற்பிரிவு என்றால் முடிவில் தேர்வு எழுதி தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் வாங்கலாம். இரு தரப்புக்கும் தகராறு வந்தால் அந்த ஆலோசகரிடமே போகலாம். நம் ஊர்ப் பையன் ஒருவன் தனியாகப் போய் ஒரு கம்பெனி வாசலில் நிற்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 'பயிற்சி முடிந்தால் வேலை நிச்சயம்' என்று சொல்லி ஒருவர் பணம் கேட்டால் அவர் ஏஜென்ட். தளத்தில் பெயர் பதிய ஒரு பைசா செலவு கிடையாது.

டிப்ளமோ, பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு வேறு தளம். தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம், சுருக்கமாக நாட்ஸ், கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பொறியியல், டிப்ளமோ, கலை அறிவியல் பட்டதாரிகளைப் பழகுநராக எடுக்கும் விளம்பரம் பேப்பரில் வருமே, அது இந்த வழியில்தான். குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. எந்தப் பிள்ளைக்கு எந்தத் தளம் என்பதிலேயே பல வீடுகளில் குழப்பம். ஐ.டி.ஐ.யும் பள்ளிப் படிப்பும் ஒரு பக்கம், டிப்ளமோவும் டிகிரியும் இன்னொரு பக்கம் என்று நினைவில் வைத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இனி முதலாளிகள் பக்கம். முதலாளி என்றவுடன் பெரிய கம்பெனியை நினைக்க வேண்டாம். இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களிலேயே டிராக்டர் சர்வீஸ் கடை, பவர் டில்லர் வாடகை மையம், எண்ணெய்ச் செக்கு, பால் குளிரூட்டும் நிலையம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பழகுநர் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம்தான். மொத்த ஆட்களில் அதிகபட்சம் 15 சதவிகிதம் எடுக்கலாம்.

வேங்கிக்கால் சாலையோரம் எட்டுப் பேரை வைத்து டிராக்டர் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இந்தப் பையனைப் பற்றிச் சொன்னபோது, "ஐயோ, கவர்மென்ட் சமாச்சாரமா? நாளைக்கு அவன் வந்து பி.எஃப். கட்டலேன்னு நிப்பான், இவன் வந்து ஈ.எஸ்.ஐ. கேப்பான்" என்றார். பழகுநர் சட்டப்படி தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். ஒப்பந்தம் பதிந்திருக்கும்வரை அந்தக் கவலை இல்லை என்று விளக்கினேன். பிறகு சிகரெட் அட்டையைக் கிழித்து அதன் பின்னால் கணக்குப் போட்டோம். ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000 ரூபாய். 2016 ஆகஸ்ட் 19-ல் தொடங்கிய ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசு 25 சதவிகிதம் தருகிறது, ஆனால் மாதம் 1,500-க்கு மேல் தராது. 7,000-க்கு 25 சதவிகிதம் 1,750 வரும். உச்சவரம்பால் 1,500-தான். நண்பர் கையிலிருந்து 5,500. அறுவடைக் காலத்தில் தினக்கூலிக்கு ஒரு ஆள் வைத்தால் ஆகும் செலவோடு அவரே ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல இடங்களில் சண்டை இதனால்தான் வருகிறது. 2023 ஆகஸ்டிலிருந்து அரசின் பங்கு முதலாளி கைக்கு வருவதில்லை, நேராகப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. நம் பிரதமர் கிசான் தவணை மாதிரி. கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். முதலாளி தன் பங்கைக் கொடுத்து அதைத் தளத்தில் பதிந்தால்தான் அரசுப் பங்கு நகரும். பதிய மறந்தால் பிள்ளைக்கு 1,500 வராது. 'கவர்மென்ட் தரல' என்று முதலாளி சொல்வார், 'முதலாளி ஏமாத்திட்டார்' என்று பிள்ளை நினைக்கும். கிசான் பணம் நின்றுபோன பல வீடுகளில் காரணத்தைத் தேடினால் வங்கிக் கணக்கில் ஆதார் இணையாததுதான் வரும். அதே கோளாறு இங்கேயும் வரலாம், முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

வேலை நடக்கிற முறை இதுதான்: முதலாளி தளத்தில் தன் நிறுவனத்தைப் பதிந்து, என்ன தொழில், எத்தனை இடம் என்று போடுகிறார். பிள்ளை விண்ணப்பிக்கிறது, அல்லது முதலாளியே தேடிப் பிடிக்கிறார். அங்கிருந்து அழைப்புக் கடிதம் வரும், பிள்ளை ஒப்புக்கொண்டால் ஒப்பந்தம் உருவாகும். எல்லாச் செய்தியும் செல்போன் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும்தான் வரும். ஆகவே பதியும்போது கொடுத்த நம்பரைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். கீழ்பென்னாத்தூர் பையன் மூன்று சிம் மாற்றியிருக்கிறான். உள்ளே நுழையவே எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

தளம் இருந்தும் ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்டால், என் துறை அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். 2018-ல் உழவன் செயலி வந்தது. மானியம், வானிலை, சந்தை விலை எல்லாம் கைக்குள். ஆனால் முதல் வருடம் எங்கள் உதவி வேளாண்மை அலுவலர்கள் ஊர் ஊராகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு போனிலும் ஏற்றிக் கொடுத்த பிறகுதான் அது நடமாடியது. தொழிற்பழகுநர் தளத்துக்குத் திண்ணையில் உட்கார ஆள் இல்லை. பிள்ளைக்கு ஒரு பக்கம், முதலாளிக்கு ஒரு பக்கம் என்று தளம் இருக்கிறது. இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து 'இந்த மாதம் என்ன கற்றுக்கொண்டாய், என்ன கற்றுக்கொடுத்தீர்கள்' என்று கேட்கும் மனிதர்தான் இல்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் இ-சேவை மையம் நடக்கிறது. சிட்டா எடுக்க வருகிற அப்பாவிடம், உங்க பிள்ளை எங்கே வேலை கத்துக்குது, ஒப்பந்த எண் என்ன என்று அங்கே இருப்பவர் ஒரு வார்த்தை கேட்டால் பாதி வேலை முடிந்தது. மாதத்தில் ஒரு குறைதீர்வு நாளில் வேங்கிக்காலில் இதற்கென ஒரு மேஜை போடலாம் என்பது என் ஆசை. கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன்.

ஜெர்மனியில் பழகுநர் தான் செய்த வேலையைத் தேதிவாரியாக நோட்டில் எழுதி, கற்றுக்கொடுப்பவரிடம் கையெழுத்து வாங்குவார். அந்தப் பதிவு இல்லாமல் இறுதித் தேர்வுக்கு உட்கார முடியாது. 2017 முதல் அதைக் கணினியிலும் எழுதலாம் என்று ஆக்கினார்கள். நம் சட்டத்திலும் ஒவ்வொரு பழகுநரின் முன்னேற்றத்தையும் முதலாளி பதிவு செய்து வைக்க வேண்டும் என்று இருக்கிறது. எத்தனை பேர் வைக்கிறார்கள் என்பது வேறு கதை. நீங்கள் காத்திருக்க வேண்டாம். இயற்கைச் சான்று வாங்குகிறவர்கள் பண்ணைக் குறிப்பேடு எழுதுகிறீர்களே, அதே போல ஒரு 80 பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். இன்று கிளட்ச் பிளேட் மாற்றினேன், இன்று ஹைட்ராலிக் பம்ப் பிரித்தேன், இன்று நாள் முழுக்க டீ வாங்கினேன் என்று எழுதட்டும். மாதக் கடைசியில் பட்டறைக்காரர் கையெழுத்து. டீ வாங்கின நாள் அதிகமானால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கீழ்பென்னாத்தூர் பையன் இப்போது அந்தச் சாலையோரப் பட்டறையில்தான் இருக்கிறான். நண்பர் தளத்தில் பதிய நான்கு நாள் ஓடினார், இரண்டு முறை என்னைத் திட்டினார். தளத்தில் புரியாததை அரசு ஐ.டி.ஐ.யில் கேட்டால் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒப்பந்தம் ஏறிவிட்டது. எண்ணை அப்பா தன் பட்டா பாஸ்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

"அந்த பழைய 11 மாசம் என்னா சார் ஆவும்?" என்று அவர் கேட்டதற்கு மட்டும் சுலபமான பதில் இல்லை. ஒப்பந்தமே இல்லாததால் தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் போக வழியில்லை. ஆனால் பழகுநர் இல்லை என்று கம்பெனியே சொன்னால், அவன் அங்கே வேலை செய்தது தொழிலாளியாகத்தான். அப்படியானால் குறைந்தபட்சக் கூலி பாக்கி இருக்கிறது. அந்த வாதத்தோடு, கையில் இருந்த கேட் பாஸ், ஹாஸ்டல் ரசீது, கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயர் எல்லாம் சேர்த்துத் தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். போன திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்துவிட்டு, ரசீதை எனக்குக் காட்டிவிட்டுப் போனார்.