எந்த கலர் பிலிம் வாங்கலாம்?

மாலை 6 மணி. திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பேரன். இருவரும் சிரிக்கிறார்கள். மகன் காமிராவை எடுத்து, "கிளிக்" என்று ஒரு படம் பிடிக்கிறான்.

பத்து நாள் கழித்துப் படம் வருகிறது. பாட்டியின் முகம் ஒரே இருட்டு! பேரனின் முகம் கலங்கல்!

காமிராவில் பழுது இல்லை. பிலிம்தான் அந்த நேரத்துக்குப் பொருந்தவில்லை.

செல்போனில் எடுத்த படத்தை உடனே பார்க்கலாம். சரியில்லை என்றால் மறுபடி எடுக்கலாம். பிலிமில் அது முடியாது. பெரிய சுருளில்கூட 36 படங்கள்தான். ஆகவே, தாத்தாவின் பழைய காமிராவைத் தூசி தட்டி எடுப்பவர்கள் முதலில் பிலிமைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண் சொல்லும் சேதி

பிலிம் பெட்டியின் மேல் 100, 200, 400 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் பிலிமின் வேகம். எண் கூடக்கூட, குறைந்த வெளிச்சமே படம் விழப் போதும்.

அந்தத் திண்ணையையே எடுத்துக்கொள்வோம். 100 பிலிம் என்றால், காமிராவின் கதவு ஒரு வினாடியில் 15-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று வையுங்கள். அதற்குள் கை ஆடிவிடும். பேரனும் அசைந்துவிடுவான். 200 பிலிமுக்கு 30-ல் ஒரு பங்கு நேரம் போதும். 400 பிலிமுக்கு 60-ல் ஒரு பங்கே போதும். படம் தெளிவாக விழும்.

அப்படியானால் பெரிய எண்தான் நல்லதா? அதிலும் ஒரு குறை உண்டு. எண் கூடினால் படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். தபால் அட்டை அளவுப் படத்தில் அது கண்ணை உறுத்தாது. பெரிதாக்கிச் சுவரில் மாட்டினால் தெரியும்.

எதற்கு எது?

வெயிலில் எடுப்பவர்களுக்கு "கோடாக் கோல்டு 200" போதும். திருவிழா, கடற்கரை, பள்ளி விளையாட்டு எல்லாம் நன்றாக வரும். நிறத்தில் இதமான மஞ்சள் சாயல் இருக்கும்.

"கோடாக் போர்ட்ரா 400" முகங்களுக்குப் பேர்போனது. தோலின் நிறத்தை இயல்பாகக் காட்டும். ஆனால் விலை அதிகம். கல்யாணம் போன்ற நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெயில், நிழல், சன்னலோரம் மூன்றையும் ஒரே சுருளில் எடுக்கும் குடும்பத்துக்கு "கோடாக் அல்ட்ராமாக்ஸ் 400" தோதானது.

ஒன்று மறக்க வேண்டாம். இவை பகல் வெளிச்சத்துக்கு ஏற்ற பிலிம்கள். இரவில் பழைய குண்டு பல்பின் கீழ் எடுத்தால் முகம் மஞ்சளாகிவிடும். பிளாஷ் போடுவது நல்லது.

பெட்டியைப் பாருங்கள்

பெட்டியில் "சி-41" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1972-ல் வந்த கழுவும் முறை அது. கலர் நெகட்டிவைக் கழுவும் இடங்களில் இன்றும் அந்த முறைதான்.

முறை மாறினால் என்ன ஆகும்? 1935-ல் வந்த "கோடாக்குரோம்" உலகப் புகழ் பெற்ற பிலிம். 2009-ல் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. அதைக் கழுவி வந்த கடைசி நிலையம் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் இருந்தது. 2010 முடிவோடு அதுவும் சுருள் வாங்குவதை நிறுத்தியது. அதன் பிறகு பெட்டியில் கிடந்த சுருள்களில் கலர் படம் பார்க்க வழியில்லாமல் போயிற்று!

காலாவதித் தேதியையும் பாருங்கள்.

சில யோசனைகள்

நெகட்டிவ் பிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். குறைந்த வெளிச்சத்தைத் தாங்காது. சந்தேகம் வந்தால், வெளிச்சம் சற்றுக் கூடுதலாகவே இருக்கட்டும்.

சூடு பிலிமுக்கு எதிரி. வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் காமிராவில் போடுங்கள். எடுத்து முடித்த சுருளை மாதக் கணக்கில் போட்டு வைக்காமல் கழுவக் கொடுங்கள்.

விமான நிலையத்தில் பிலிமைக் கையில் கொடுத்து, கருவியில் வைக்காமல் சோதிக்கும்படி கேளுங்கள். புதிய சோதனைக் கருவிகளின் கதிர்கள் பிலிமைக் கெடுத்துவிடும்.

கழுவிய நெகட்டிவைத் திரும்ப வாங்க மறக்காதீர்கள். பிரிண்டு கிழிந்தாலும், நெகட்டிவ் இருந்தால் மறுபடி படம் போடலாம்.

பாட்டி நாளையும் திண்ணையில் உட்காரலாம். ஆனால் பேரன் வளர்ந்துவிடுவான். இன்றைய சிரிப்பு இன்றைக்கு மட்டும்தான். அதற்கு ஏற்ற பிலிமைப் போட்டு வையுங்கள்!