வென்று விலகிய தளபதி

நுழையும்முன்

போர்க்களத்தில் பகைவரை வெல்வது வீரம். வென்றபின் கைக்கு வந்த அதிகாரத்தைத் துறப்பது அதனினும் அரிய பண்பு. தென் அமெரிக்க நாடுகள் மூன்று தம் விடுதலைத் தலைவராகப் போற்றும் ஒரு தளபதியின் வாழ்வில் இவ்விரண்டையும் காணலாம்.

இளமையும் படைப்பயிற்சியும்

ஹோசே டி சான் மார்ட்டின் 1778ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், இன்றைய அர்ஜென்டினாவிலுள்ள யாப்பேயு என்னும் ஊரில் பிறந்தார். அக்காலத்தில் தென் அமெரிக்காவின் பெரும்பகுதி ஸ்பெயின் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஸ்பானியப் படை அலுவலரான தந்தையுடன் இளமையிலேயே ஸ்பெயினுக்குச் சென்ற அவர், பதினோராம் அகவையில் படையில் சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டுக்காகப் போரிட்டார். நெப்போலியனின் படை 1808இல் தோல்வியுற்ற பைலேன் போரிலும் பங்கேற்றார். எனினும், பிறந்த மண்ணில் விடுதலைப் போர் மூண்டபோது, தம் பதவியைத் துறந்து 1812இல் புவெனஸ் அயர்ஸ் நகரை அடைந்தார்.

மலையைக் கடந்த படை

ஸ்பானியரின் வலிமைக்கு நடுவிடமாக விளங்கியது பெருவின் தலைநகரான லிமா. வடபுற மேட்டுநிலத்தின் வழியே அதனை அடைய விடுதலைப் படையினர் மேற்கொண்ட முயற்சிகள் தோல்வியில் முடிந்தன. ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடந்து சிலியை மீட்பது, பின்னர் அங்கிருந்து கடல்வழியே பெருவை அடைவது என்று சான் மார்ட்டின் திட்டமிட்டார்.

1814இல் கூயோ மாநில ஆளுநராகப் பொறுப்பேற்ற அவர், மலையடிவாரத்து மெண்டோசா நகரில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் படையைத் திரட்டினார். லூயிஸ் பெல்ட்ரான் என்னும் கிறித்தவத் துறவி படைக்கலப் பட்டறையை நடத்தினார். அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஆப்பிரிக்க வழியினர் பலர் காலாட்படையில் இடம்பெற்றனர். தெற்குக் கணவாய்களின் வழியே செல்ல இசைவு வேண்டிப் பழங்குடித் தலைவர்களைச் சான் மார்ட்டின் சந்தித்தார். அச்செய்தி பகைவரின் செவிக்கு எட்ட வேண்டும் என்பதே அவரது நோக்கம். எப்பக்கத்திலிருந்து தாக்குதல் வரும் என்று அறியாத ஸ்பானியர், தம் படையைப் பல இடங்களில் சிதறி நிறுத்தினர்.

1817 ஜனவரியில் ஏறத்தாழ 5,000 வீரர்கள் பல பிரிவுகளாகப் புறப்பட்டனர். சில இடங்களில் பாதை 4,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது. கடுங்குளிரும் மூச்சுத்திணறலும் வாட்டின. கோவேறு கழுதைகளும் குதிரைகளும் பெருமளவில் மடிந்தன. ஆயினும் முதன்மைப் பிரிவுகள் குறித்த காலத்தில் மலைக்கு அப்பால் ஒன்றுசேர்ந்து, பிப்ரவரி 12ஆம் நாள் சாகாபுகோவில் வென்றன. சிலியின் ஆட்சித்தலைமை சான் மார்ட்டினைத் தேடி வந்தது, அவர் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் மைப்பூவில் பெற்ற வெற்றி சிலியின் விடுதலையை உறுதிசெய்தது.

பெருவின் காப்பாளர்

1820இல் கடல்வழியே பெருவை அடைந்த சான் மார்ட்டின், லிமாவை உடனே தாக்கவில்லை. பகைவரைத் தனிமைப்படுத்திக் காத்திருந்தார். ஸ்பானியர் நகரைவிட்டு வெளியேறியபின், 1821 ஜூலை 28ஆம் நாள் பெருவின் விடுதலையை அறிவித்தார். ‘காப்பாளர்’ என்னும் பட்டத்துடன் ஆட்சிப்பொறுப்பை ஏற்று, பழங்குடியினர் செலுத்திவந்த தலைவரியை நீக்கினார். அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் உரிமையுள்ளோர் என ஆணையிட்டார். தேசிய நூலகத்தை நிறுவித் தம் நூல்களையும் அதற்கு வழங்கினார்.

அதிகாரத் துறவு

பெருவின் உள்நாட்டுப் பகுதிகளில் ஸ்பானியப் படை இன்னும் வலுவுடன் இருந்தது. வடக்கிலிருந்து வெற்றியுடன் வந்த சிமோன் பொலிவாரை 1822 ஜூலையில் குவாயாகில் நகரில் சான் மார்ட்டின் சந்தித்தார். இருவரும் தனித்துப் பேசியவை இன்றும் வரலாற்றறிஞரிடையே விவாதத்திற்கு உரியன. அதன் விளைவோ ஐயத்திற்கு இடமில்லாதது. செப்டம்பரில் சான் மார்ட்டின் தம் பதவிகளைத் துறந்தார். எஞ்சிய போரைப் பொலிவாரின் தரப்பு நடத்தி, 1824இல் ஆயாகுச்சோவில் முடித்தது.

பின்னர் அவர் மகளுடன் ஐரோப்பா சென்றார். 1829இல் தாயகம் நோக்கிக் கப்பலில் வந்தபோது, புவெனஸ் அயர்ஸ் உட்பகையில் சிக்கியிருந்தது. உடன்பிறந்தோர் போன்ற மக்களின் பூசலில் பங்குகொள்ள விரும்பாமல், அந்நகரில் கால்வைக்காமலே திரும்பினார். 1850 ஆகஸ்ட் 17ஆம் நாள் பிரான்சின் பூலோன் நகரில் மறைந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவரது உடல் எச்சம் புவெனஸ் அயர்ஸ் பேராலயத்தில் வைக்கப்பட்டது.

விடுதலைக்காக எடுத்த வாளை ஆட்சியைப் பிடிக்கும் கருவியாக அவர் ஆக்கிக்கொள்ளவில்லை. மலையைக் கடந்த துணிவோடு, பதவியிலிருந்து விலகிய தெளிவும் சேர்ந்தே அவருடைய பெருமையை நிலைநிறுத்துகிறது.