பெருந்தமனியின் அருகே ஒரு திருகாணி

கேளம்பாக்கம் நாற்சந்தியில் சற்று நேரம் நின்றால், நம் காலத்தின் வேகத்தைக் கண்ணாரக் காணலாம். வடக்கே சென்னைக்கும் தெற்கே திருப்போரூருக்கும் நீளும் நெடுஞ்சாலை. மேற்கே வண்டலூருக்கும், கிழக்கே உப்பளங்களைக் கடந்து கோவளத்துக்கும் பிரியும் சாலைகள். இரவு பகலாக இருசக்கர வண்டிகள் விரைகின்றன. விழுகிறவர்களும் உண்டு. அவர்களுள் சிலர், முறிந்த முதுகெலும்பில் உலோகக் கம்பியும் திருகாணிகளும் பொருத்தப்பெற்று வீடு திரும்புகின்றனர்.

அத்தகைய இளைஞன் ஒருவனின் தாய், தவக்காலத்தில் ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் நம்மைக் காண வந்தார். கையில் பெரியதொரு காகித உறை. மகனுக்கு அறுவைச் சிகிச்சை நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. நன்றாகத்தான் நடமாடி வந்தான். விடாத இருமலுக்காக அண்மையில் மார்பை சி.டி. ஸ்கேன் எடுத்தபோது, திருகாணி ஒன்றின் முனை பெருந்தமனியை ஒட்டி நிற்பதாக அறிக்கையில் எழுதிவிட்டார்கள்.

"சாமி, அவன் தும்மினாலும் எனக்கு நெஞ்சு நின்றுவிடுகிறது. அந்த ஆணி குழாயைக் குத்திவிட்டால் என் பிள்ளை என்ன ஆவான்?" என்று கேட்டார். மகனை வேலைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். தண்ணீர்க் குடத்தைத் தொடவும் விடுவதில்லை. முடிவாகும் நிலையிலிருந்த திருமணப் பேச்சும் நின்றுபோயிற்று.

"கவலைப்படாதீர்கள் அம்மா, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்றோம். அவர் தலையசைத்துச் சென்றுவிட்டார். ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. உறையைப் பிரித்துக்கூடப் பாராமல் சொன்ன ஆறுதல் அல்லவா அது! மறுநாளே அவர்களை அழைத்து, முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவரிடம் உடன் சென்றோம். அங்கும் பின்னர் நூல்களிலும் அறிந்தவற்றை, இதே அச்சத்தோடு வாழும் குடும்பங்களுக்காக எழுதுகிறோம்.

ஆணி செல்லும் வழி

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. முள்ளெலும்புகள் பல அடுக்கிய தூண். ஒவ்வொன்றுக்கும் முன்புறம் உருண்டையான உடற்பகுதியும், பின்புறம் தண்டுவடத்தைக் காக்கும் வளைவும் உண்டு. இவ்விரண்டையும் இணைப்பவை இடமும் வலமுமாக அமைந்த இரண்டு குறுகிய காம்புகள். திருகாணி பின்புறமிருந்து இக்காம்பின் வழியே நுழைந்து முன்பகுதியில் நிலைபெற வேண்டும். மார்புப் பகுதியில் சில காம்புகளின் அகலம் நான்கைந்து மில்லிமீட்டரே. அவ்வெலும்புகளின் முன்னே, பெரும்பாலும் இடப்பக்கம் சாய்ந்தபடி, இதயத்திலிருந்து பெருந்தமனி இறங்கி வருகிறது. ஏறத்தாழத் தொப்புள் மட்டத்தில் அது இரண்டாகப் பிரிந்து கால்களை நோக்கிச் செல்கிறது. ஆணி சற்றே விலகினாலும், சற்றே நீண்டுவிட்டாலும், அதன் முனை எலும்பைத் தாண்டி இக்குழாயின் பக்கம் வந்துவிடக்கூடும்.

அப்படியாயின் இந்த ஆணிகள் எதற்கு என்று கேட்கலாம். 1911-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பீ என்னும் மருத்துவர் இருவர், காசநோய் அரித்த முதுகெலும்புகளை எலும்பு கொண்டே இணைக்கும் முறையைத் தனித்தனியே அறிவித்தனர். அக்காலத்து நோயாளிகள் எலும்பு கூடும்வரை பல மாதங்கள் மாவுக்கட்டில் கிடந்தனர். பின்னர் அமெரிக்க மருத்துவர் ஹாரிங்டனின் எஃகுக் கம்பிகள் வந்தன. 1963 முதல் பிரான்சு நாட்டு மருத்துவர் ராய்-கமில் காம்பு வழியே ஆணி பொருத்தும் முறையைக் கையாண்டார். இன்று நோயாளி சில நாட்களில் எழுந்து நடப்பது இவற்றின் பயனே.

கோவை காட்டிய கணக்கு

ஆணி எலும்பைத் தாண்டுவது எங்கோ அரிதாக நிகழ்வதென்றும் எண்ண வேண்டாம். நம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் செய்த ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. கோணிய முதுகுடைய 33 பேருக்கு மார்புப் பகுதியில் பொருத்திய 478 ஆணிகளை அவர்கள் ஆராய்ந்தனர். வழக்கமான முறையில் பொருத்திய 236 ஆணிகளுள் 38, எலும்பின் முன்சுவரையோ பக்கச் சுவரையோ தாண்டியிருந்தன. கணினி வழிகாட்டப் பொருத்திய 242 ஆணிகளுள் அவ்வாறு தாண்டியவை இரண்டே. தேர்ந்த கைகளிலும் இது நேரக்கூடும் என்பதும், கருவி துணைநின்றால் பெரிதும் குறையும் என்பதும் இதனால் விளங்கும்.

எனினும், எலும்பைத் தாண்டுவது வேறு. தீங்கு விளைவது வேறு. இவ்வாறு ஆணி அமைந்தவர்களுள் மிகப் பலருக்கு எத்தொல்லையும் நேர்வதில்லை. பெருந்தமனி நெகிழ்ச்சியுடைய குழாய். ஓரளவு விலகியும் கொடுக்கும். ஆயினும் ஒவ்வொரு துடிப்பிலும் கூரிய முனையொன்றில் உராய்ந்தால், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அதன் சுவர் நைந்து புடைப்போ இரத்தக் கசிவோ ஏற்பட்டதுண்டு. அரிது; ஆனால் உண்மை. ஆகவே "ஒன்றுமில்லை" என்று தள்ளுவதும் தவறு. "இன்றோ நாளையோ" என்று நடுங்குவதும் தவறு.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதற் கேள்வி: முனை குழாயின் அருகில் நிற்கிறதா, தொடுகிறதா, அல்லது சுவரை அழுத்திக் குழிக்கிறதா? அறிக்கையின் ஒரு சொல்லைக்கொண்டு இதைத் தீர்மானிக்க இயலாது. உலோகம் ஸ்கேன் படத்தில் ஒளிக்கீற்றுகளைப் பரப்புவதால் ஆணி உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றலாம். சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் தெளிவு தரும். சில வேளைகளில் குப்புறப் படுக்கவைத்தும் படம் எடுப்பார்கள். குழாய் ஆணியை விட்டு விலகுகிறதா என்பது அப்போது தெரியும்.

இரண்டாவது: எலும்பு கூடிவிட்டதா? கூடியிருந்தால் ஆணியின் வேலை பெரும்பாலும் முடிந்தது. தேவையெனில் அதை அகற்ற வழியுண்டு.

மூன்றாவது: அகற்றுவதா, கண்காணிப்பதா? இதனை முதுகெலும்பு மருத்துவரும், இரத்தக் குழாய் அறுவை மருத்துவரும், கதிரியல் மருத்துவரும் கூடி முடிவு செய்வதே முறை. சுவர் பழுதுபட்டிருந்தால், தொடையிடுக்குத் தமனி வழியே துணி போர்த்திய கம்பிவலைக் குழாயை உட்செலுத்திக் காப்பு அமைத்து, பின்னர் ஆணியை எடுக்கலாம். இத்தகைய குழாயை 1990-இல் அர்ஜென்டினா மருத்துவர் பரோடி வேறொரு தமனி நோய்க்குப் பயன்படுத்திக் காட்டினார்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடலாகாது. மார்பிலோ முதுகிலோ வயிற்றிலோ திடீரெனக் கடும் வலி, மயக்கம், இருமலிலோ வாந்தியிலோ இரத்தம், துடிக்கும் வீக்கம், கால் சில்லிட்டு வலித்தல் – இவற்றுள் எது கண்டாலும் அக்கணமே பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஆணி பொருத்திய முதுகை மிதிக்கவோ, நெட்டி முறிக்கவோ எவரிடமும் கொடுக்க வேண்டாம். அறுவைச் சிகிச்சைக் குறிப்பும் படங்களும் ஒரே பையில் இருக்கட்டும். உலோகம் டைட்டானியமா, எஃகா என்பதையும் அதில் எழுதிவையுங்கள்.

அந்த இளைஞனுக்கு மீண்டும் படம் எடுத்தார்கள். முனை தமனியின் பக்கத்தில் நிற்கிறது, அழுத்தவில்லை. எலும்பும் கூடிவிட்டது. அகற்றுவதன் நன்மை தீமைகளையும், விட்டுவைப்பதன் நன்மை தீமைகளையும் மருத்துவர் பொறுமையாக எடுத்துரைத்தார். ஆறு மாதத்தில் ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் பார்ப்பதென்று மகனே முடிவு செய்தான். தாய் கடைசியாக ஒன்று கேட்டார்: "ஐயா, அவன் தண்ணீர்க் குடம் தூக்கலாமா?" "தாராளமாகத் தூக்கட்டும் அம்மா" என்றார் மருத்துவர்.

அச்சம் முற்றிலும் நீங்கிற்று என்று அவர் இன்றும் சொல்வதில்லை. ஆனால் மகன் வேலைக்குச் செல்கிறான். அடுத்த ஸ்கேன் நாள் வீட்டு நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருக்கிறது. நாமும் ஒன்று கற்றோம். இப்போது யாரேனும் மருத்துவ அறிக்கையோடு வந்தால், ஆறுதல் சொல்லுமுன் மூக்குக் கண்ணாடியை அணிந்து உறையைப் பிரிக்கிறோம்.